எனக்கு ஏற்ற அறுவை சிகிச்சை எது?

திருமண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம், அறுபதைக் கடந்த ஆண்கள் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. இரவில் நான்கைந்து முறை எழுந்திருப்பதையும், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் பிரிவதையும் முதுமையின் இயல்பு என்று எண்ணி மூன்றாண்டுகள் எவரிடமும் சொல்லாமல் இருந்தேன். 67-ஆவது வயதில் ஒரு நாள் இரவு சிறுநீர் முற்றிலும் அடைபட்டது. வலி பொறுக்க முடியாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றேன். கதீட்டர் எனப்படும் குழாயைச் செலுத்தியபோது ஏறத்தாழ ஒரு லிட்டர் சிறுநீர் வெளியேறியது.

அடுத்த சில நாள்களில் மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர் வழக்கமான டி.யு.ஆர்.பி. அறுவை சிகிச்சையே போதும் என்றார். இன்னொருவர் லேசர் முறையைப் பரிந்துரைத்தார். மூன்றாமவர் நீராவிச் சிகிச்சை செய்துகொண்டால் அன்றே வீடு திரும்பலாம் என்றார். மூவரும் தத்தம் முறையே சிறந்தது என்றனர். குழாயும் பையுமாக வீடு திரும்பிய எனக்குக் குழப்பமே மிஞ்சியது. அதிலிருந்து விடுபடக் கேட்டும் படித்தும் நான் அறிந்தவை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும்.

புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்த் தாரையைச் சூழ்ந்து அமைந்திருக்கிறது. இளமையில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். வயது ஏற ஏற அதன் உட்பகுதி பெருத்து, நடுவில் செல்லும் பாதையை நெரிக்கிறது. அறுபது வயதில் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த வீக்கம் காணப்படுகிறது. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால், இரண்டும் ஒருவருக்கே தனித்தனியாக வரக்கூடும் என்பதால், பி.எஸ்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் தேவைப்படுகின்றன.

வீக்கம் உள்ள அனைவருக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் தசையைத் தளர்த்திப் பாதையை எளிதாக்குகின்றன. டூட்டாஸ்டெரைடு போன்றவை சில மாதங்களில் சுரப்பியையே சுருக்குகின்றன. மாத்திரை பலனளிக்காதபோதும், மீண்டும் மீண்டும் சிறுநீர் அடைபடும்போதும், கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வரும்போதும், சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும்போதும், சிறுநீரகம் பாதிக்கப்படும்போதும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்திய மருத்துவப் பணியில் இருபதாண்டுகள் கழித்து லண்டன் திரும்பிய அயர்லாந்து மருத்துவர் பீட்டர் ஃபிரேயர்தான், 1900-ஆம் ஆண்டையொட்டி அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பை வழியாகச் சுரப்பியின் வீக்கத்தை அகற்றும் முறையைப் பரவலாக்கினார். மிகப் பெரிய சுரப்பிகளுக்கு இம்முறை இன்றும் பயன்படுகிறது. எனினும் இரத்த இழப்பு அதிகம். மருத்துவமனையில் தங்கும் நாள்களும் அதிகம்.

அடுத்து வந்தது டி.யு.ஆர்.பி. சிறுநீர்த் துவாரம் வழியாக உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, மின்கம்பி வளையத்தால் வீக்கத்தைச் சிறுசிறு துண்டுகளாகச் சீவி எடுப்பது இம்முறை. வெளியே தழும்பு இராது. பல்லாண்டுகளாக மற்ற முறைகள் யாவும் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகின்றன. 30 முதல் 80 கிராம் வரையிலான சுரப்பிகளுக்கு இது மிகவும் ஏற்றது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்யப்படுகிறது. பழைய கருவிகளில் கழுவுவதற்குப் பயன்பட்ட திரவம் உடலுக்குள் புகுந்து சோடியம் அளவைக் குறைத்துவிடும் ஆபத்து இருந்தது. உப்புநீரைப் பயன்படுத்தும் இருமுனைக் கருவிகள் அந்த ஆபத்தைப் பெரிதும் நீக்கியுள்ளன.

ஹோலெப் எனப்படும் லேசர் முறை, 1990-களில் நியூசிலாந்தில் உருவானது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை விட்டுவிட்டுச் சுளைகளை மட்டும் எடுப்பதுபோல, சுரப்பியின் புறவுறையை விட்டு உட்பகுதி முழுவதையும் ஹோல்மியம் லேசரால் பிரித்தெடுக்கிறார்கள். எந்த அளவுள்ள சுரப்பிக்கும் இது பொருந்தும். இரத்தக் கசிவு குறைவு. வீக்கம் திரும்புவதும் அரிது. ஆனால், இதைக் கற்றுத் தேர ஒரு மருத்துவர் பல பத்து நோயாளிகளுக்குச் செய்திருக்க வேண்டும்.

அண்மைக்காலத்தில் வந்த எளிய முறைகள் இரண்டு. ரெசூம் முறையில், சுரப்பிக்குள் ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது விநாடிகள் நீராவி செலுத்தப்படுகிறது. அதனால் இறக்கும் திசுக்களை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். யூரோலிஃப்ட் முறையில், சிறு பிடிப்பான்கள் சுரப்பியை இருபுறமும் இழுத்துப் பிடித்துப் பாதையைத் திறந்து வைக்கின்றன. இவை இரண்டும் பெரும்பாலும் 80 கிராமுக்கு உட்பட்ட சுரப்பிகளுக்கே உரியவை.

இம்முறைகளின் சிறப்பு, பாலுறவு சார்ந்தது. டி.யு.ஆர்.பி., ஹோலெப் இரண்டிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கோ அதற்கு மேலோ, விந்து வெளியேறாமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிச் சென்றுவிடுகிறது. உடலுக்கு இதனால் தீங்கில்லை; விறைப்புத் தன்மையும் பொதுவாகக் குறைவதில்லை. நீராவியிலும் பிடிப்பானிலும் இந்த மாற்றம் பெரும்பாலோருக்கு ஏற்படுவதில்லை. அதற்கு ஈடாக நாம் கொடுக்கும் விலையும் உண்டு. ஐந்தாண்டுக் கால ஆய்வுகளில் பிடிப்பான் பொருத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 13 அல்லது 14 பேருக்கும், நீராவிச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கும் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. மேலும், இவ்விரு முறைகளிலும் திசு வெளியே எடுக்கப்படாததால், அதை நுண்ணோக்கியில் பரிசோதிக்க வழியில்லை.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகே, என் கேள்வி தவறானது என்று உணர்ந்தேன். எது சிறந்தது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எது ஏற்றது என்று கேட்டிருக்க வேண்டும். சுரப்பியின் எடை எவ்வளவு? இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்கிறேனா? விந்து வெளியேறுவது எனக்கு முக்கியமா? சில ஆண்டுகளில் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டால் ஏற்பேனா? செய்யப்போகும் மருத்துவர் இம்முறையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? இந்த ஐந்துக்கும் விடை கிடைத்தால் முடிவு பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

என் சுரப்பியின் எடை 95 கிராம். இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருப்பதால் அன்றாடம் மாத்திரை உண்டு. ஆகவே, நீராவி எனக்கு உரியதன்று. இதய மருத்துவரையும் கலந்துகொண்டு, நன்கு பழகிய ஒருவரிடம் ஹோலெப் செய்துகொண்டேன். இரண்டாம் நாள் குழாய் எடுக்கப்பட்டது. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவது ஆறு வாரங்கள் நீடித்துப் பின் நின்றது. விந்து வெளியேறாது என்பதை அந்த மருத்துவர் என்னிடமும் என் மனைவியிடமும் முன்பே விளக்கியிருந்தார். முதலில் பார்த்தவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. என்னைவிடப் பத்து வயது இளைய நண்பர் ஒருவருக்கு 45 கிராம் சுரப்பி. அவர் நீராவியைத் தேர்ந்தெடுத்தார். அவர் முடிவு அவருக்குச் சரி.

என் மூத்த சகோதரர் எந்த முறையையும் தேர்ந்தெடுக்கவில்லை. கூச்சத்தால் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார். இறுதியில் அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது, பாதை திறந்தது. ஆனால், நெடுங்காலம் அடைப்புக்கு எதிராகப் போராடித் தளர்ந்த சிறுநீர்ப்பைத் தசைக்குச் சுருங்கும் ஆற்றல் திரும்பவில்லை. நாள்தோறும் நான்கு முறை தாமே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுகிறார். சுரப்பியைச் சரிசெய்ய இன்று பல வழிகள் இருக்கின்றன. தளர்ந்துபோன சிறுநீர்ப்பையை மீட்க அத்தனை வழிகள் இல்லை. இரவில் இருமுறைக்கு மேல் எழுந்திருக்க வேண்டியிருந்தால், அதை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுவதே நாம் செய்யவேண்டிய முதல் சிகிச்சை.