கல்லெழுத்தும் கேமராவும்

முன்னுரை

தமிழ் எழுத்தின் தொன்மையை அறிய விரும்புவோர் மதுரையைச் சூழ்ந்துள்ள குன்றுகளையே முதலில் நாடுவர். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், அழகர்மலை, திருப்பரங்குன்றம், ஆனைமலை, கொங்கர்புளியங்குளம் முதலிய இடங்களில் சமண முனிவர்க்கென அமைந்த குகைத்தளங்களில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. மாங்குளம் எழுத்துகளை 1882இல் இராபர்ட் சீவல் கண்டறிந்தார். அவை தமிழ்மொழியில் அமைந்தவை என்பதைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துரைத்தார். கண்டதற்கும் கற்றதற்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. எழுத்தைக் காண்பது வேறு, கற்பதற்கேற்பக் காண்பது வேறு என்பதை இது புலப்படுத்துகின்றது.

இன்று மாணவர் பலர் கையிலும் கேமரா பொருந்திய கைப்பேசி உள்ளது. அதனைக் கொண்டு கல்வெட்டைப் படிக்கத்தக்க வகையில் பதிவு செய்வது எங்ஙனம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளியே எழுதுகோல்

முதன்முறை நாம் ஒரு குகைத்தளத்திற்குச் சென்றபோது கைப்பேசியின் மின்னொளியை நேரே பாறைமீது பாய்ச்சி நாற்பது படங்கள் எடுத்தோம். வீடு திரும்பிப் பார்த்தபோது அவற்றுள் வெளிறிய பாறை இருந்தது; எழுத்து இல்லை. மறுமுறை மாலையில் சென்றோம். உடன் வந்த நண்பர் கைவிளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். அதுவரை கண்ணுக்குப் புலப்படாத வரியொன்று அப்படியே எழுந்து நின்றது.

காரணம் எளிது. கல்லெழுத்துக்குத் தனி நிறம் இல்லை. பள்ளமே அதன் உருவம். நேரே விழும் ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒருசேர நிரப்பிவிடும். பாறையை உரசிச் செல்லும் சாய்வொளியோ பள்ளத்தின் ஒரு கரையில் நிழலையும் மறுகரையில் வெளிச்சத்தையும் தரும். ஏறத்தாழ 10 முதல் 20 பாகைச் சாய்வு இதற்கு ஏற்றது. கற்படுக்கை போன்ற கிடைப்பரப்பில் உள்ள எழுத்துக்குக் காலை, மாலை வெயில் நலம். செங்குத்தான பாறைக்குக் கதிரவன் அதன் முகத்தை உரசிக் கடக்கும் வேளையை அறிந்து செல்லவேண்டும். குகையின் நெற்றிப் பகுதி நிழலில் இருக்குமாயின் கைவிளக்கே துணை.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. இடப்புறமிருந்து வரும் ஒளி செங்குத்துக் கோடுகளைத் தெளிவாக்கும். ஆனால் ஒளி செல்லும் திசையிலேயே கிடக்கும் கிடைக்கோடுகளை மறைத்துவிடும். மாங்குளம் போன்ற மிகப் பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் பக்கத்தில் இடப்படும் சிறு கிடைக்கோடு அகரத்தையோ ஆகாரத்தையோ குறிக்கும். அக்கோடு படத்தில் விழாவிடில் 'க' என்பது 'க்' ஆகிவிடும்; சொல்லே மாறிவிடும். ஆதலின் கேமராவை அசைக்காமல் இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசைகளிலிருந்தும் ஒளி பாய்ச்சித் தனித்தனியே படம் எடுத்தல் வேண்டும். கீழிருந்து ஒளி வரின் பள்ளம் மேடுபோலத் தோன்றி மயக்கும். எனவே ஒவ்வொரு படத்திற்கும் ஒளி வந்த திசையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது இன்றியமையாதது.

இம்முறையின் வளர்ச்சியே ஆர்.டி.ஐ. எனச் சுருங்க வழங்கும் படமுறையாகும். இதன் அடிப்படையை ஹியூலெட் பேக்கர்டு ஆய்வகத்தைச் சார்ந்த டாம் மால்ஸ்பெண்டர் முதலியோர் 2001இல் வெளியிட்டனர். பளபளப்பான கறுப்புக் கோளம் ஒன்றைக் கல்லருகே வைத்து, விளக்கை மட்டும் இடம் மாற்றிப் பல படங்கள் எடுப்பர். கோளத்தில் தெரியும் ஒளிப்புள்ளியைக் கொண்டு கணினி ஒளியின் திசையைக் கணித்துக்கொள்ளும். பின்னர்த் திரையிலேயே விளக்கை வேண்டிய பக்கம் நகர்த்திக் கல்வெட்டைப் படிக்கலாம்.

கருவியை அமைத்தல்

கேமராவின் முகம் பாறைக்கு இணையாக இருத்தல் வேண்டும். சாய்ந்தால் எழுத்தின் வடிவம் திரியும். முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 என அமைத்து, இரண்டு நொடித் தாமதத்தில் படம் எடுத்தால் கை நடுக்கம் படத்தில் ஏறாது. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 ஒளிப்படிகளையே காக்கும். 14 பிட் ரா கோப்போ 16,384 படிகளைக் காக்கும். தேய்ந்த எழுத்தின் மெல்லிய நிழல் அவ்வேறுபாட்டில்தான் பிழைத்திருக்கும்.

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 புள்ளி அகலம் உடையது. 60 சென்டிமீட்டர் அகலப் பாறையை அதில் நிரப்பினால் ஒரு மில்லிமீட்டருக்கு 10 புள்ளிகள் கிடைக்கும். உளியின் தடத்தை ஆராய இது போதும். ஆகவே நீண்ட கல்வெட்டை ஒரே படத்தில் அடக்காது, மூன்றில் ஒரு பங்கேனும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பகுதி பகுதியாக எடுக்கவேண்டும். முழுத்தோற்றப் படம் ஒன்றும் தனியே தேவை. அளவுகோல் ஒன்றை எழுத்தை மறைக்காமல் ஓரத்தில் வைத்தல் மறவாமை நலம்.

கைப்பேசி மட்டும் உள்ளோர் மனந்தளர வேண்டா. ஒன்று கேமராவாகவும் மற்றொன்று விளக்காகவும் அமைய இரண்டு கைப்பேசிகள் போதும். அகலக்கோண வில்லையையும் டிஜிட்டல் ஜூமையும் தவிர்க்க. அழகூட்டும் தானியங்கி அமைப்புகளையும் அணைத்துவிடுக; அவை இல்லாத கோட்டை வரைந்தும் உள்ள கோட்டை அழித்தும் விடக்கூடும். கீழவளவுக் கல்வெட்டு தலைகீழாகவும் இடவலம் மாறியும் பொறிக்கப்பட்டது. படத்தைத் திருப்பிப் 'பிழை' நீக்க முற்படுவோர் சான்றையே நீக்கியவராவர்.

செய்யத்தகாதன

எழுத்து தெளிவதற்காகச் சுண்ணக்கட்டி பூசுதல், வண்ணம் தீட்டுதல், கம்பியால் சுரண்டுதல் ஆகியன அறவே கூடா. பூசுவோர் தாம் படித்ததையே பூசுவர். பின்வருவோர் கல்லைப் படியாது அவரது பிழையைப் படிப்பர். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். முக்காலி, விளக்கு முதலியன கொண்டு செல்வோர் உரியவரிடம் முன்னரே இசைவு பெறுதல் நன்று.

படம் எடுத்த பின்

பெயரற்ற படம் முகவரியற்ற மடல். ஊர், குன்று, குகை, நாள், ஒளித்திசை ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே அமைக்கவேண்டும். மூலக்கோப்பைத் திருத்தாது வைத்து, படியில் மட்டுமே மாற்றங்கள் செய்க. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு, படம் எடுத்த நேரம் முதலிய உட்குறிப்புகளும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்புதலே முறை. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்பது காப்பு விதி.

முடிவுரை

இத்துணை முயற்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் கற்களுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டதை நாம் அறிவோம். அம்முறைகேடுகளை ஆராயச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் உ. சகாயத்தை அமர்த்தியது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகள் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏலத்தில் அப்பகுதியும் இடம்பெற்றது. ஊர்மக்களின் போராட்டத்திற்குப் பின்னரே 2025 சனவரியில் அது நீக்கப்பட்டது.

வெட்டிய மரம் தளிர்க்கலாம். அறுத்த பாறை வளராது. மழையும் வெயிலும் கூட எழுத்தை நாள்தோறும் தேய்க்கின்றன. எனவே இன்று நாம் எடுக்கும் படம் நாளை எஞ்சும் ஒரே சான்றாக அமையவும் கூடும். அடுத்த விடுமுறையில் குன்றேறும் மாணவர் தம் முகத்தைப் படமெடுக்கும் முன் ஒரு வரியையேனும் நான்கு திசை ஒளியில், அளவுகோலுடன் எடுத்து, பெயரிட்டுத் துறையில் சேர்ப்பாராக. நெடுஞ்செழியன் பெயரைச் சுமந்து நிற்கும் கல்லுக்குத் தமிழ் பயில்வோர் செய்யத்தக்க சிறு கடன் அதுவே.