இரண்டாவது தயாரிப்பு ஏன் நிலைப்பதில்லை?

ஒரு பொருள் சந்தையில் நன்றாக ஓடினால், அதன் இரண்டாம் பதிப்பு இன்னும் நன்றாக ஓடும் என்பது வியாபாரிகள் பலரதும் எண்ணம். பெயர் ஏற்கனவே அறிமுகமானது, தோற்றம் புதியது, பிறகென்ன குறை என்று கேட்பார்கள். இந்தக் கணக்குப் பிழைத்த இடமொன்றைக் காட்டச் சொன்னால், நான் கணனி விளையாட்டுத் துறையையே காட்டுவேன். விளையாட்டுத்தானே என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். கோடிக்கணக்கான டொலர் புரளும் தொழில் அது.

பாத்திரமேற்று விளையாடும் விளையாட்டுகள் என்று ஒரு வகை உண்டு. விளையாடுபவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, அந்தப் பாத்திரத்தைச் சிறிது சிறிதாக வளர்த்தெடுப்பார். இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி விளையாடுவதும் உண்டு. அதற்கு மாதச் சந்தா அறவிடப்படுவதும் உண்டு.

அண்ணனும் தம்பியும்

அமெரிக்காவின் டர்பைன் நிறுவனம் தயாரித்து, மைக்ரோசொப்ட் வெளியிட்ட 'ஏஷரன்ஸ் கோல்' 1999 நவம்பரில் சந்தைக்கு வந்தது. மாதந்தோறும் கதையில் புதிய பகுதி சேர்க்கப்படுவது அதன் சிறப்பு. ஒருமுறை, கதைப்படி உடைக்கப்பட வேண்டிய ஒரு பளிங்கை ஒரு சேர்வரின் விளையாட்டாளர்கள் உடைக்க மறுத்து, முறைபோட்டுக் காவல் நின்றார்கள். ஈற்றில் நிறுவனம் தலையிட்டது. கதையைத் தானே நகர்த்திவிட்டு, காவல் நின்றோர் நினைவாக அந்த உலகிலேயே ஒரு சின்னத்தையும் எழுப்பியது. வாடிக்கையாளரைப் பங்காளியாக்குவது என்பது இதுதான்.

2002 நவம்பரில் இரண்டாம் விளையாட்டு வந்தது. காட்சிகள் மிக அழகு. ஆனால் பழைய ஊர்கள் பாழடைந்து கிடந்தன. கடைக்காரர்கள் இல்லை, ஊர்மக்களும் அரிது. ஒருவரோடொருவர் உரையாடும் வசதியும் அடிக்கடி செயலிழந்தது. 2005 டிசம்பரில் அது மூடப்பட்டது. தம்பி மூன்று வருடத்தில் போய்விட, அண்ணன் 2017 ஜனவரி 31 வரை ஓடியது. இடையில் 2012 இல் தம்பி மீண்டும் திறக்கப்பட்டாலும், அண்ணனின் சந்தாதாரர்களுக்கான இணைப்பாகவே திறக்கப்பட்டது.

காரணம் என்ன?

முதற்காரணம், வாடிக்கையாளரின் முதலீட்டை மறந்தமை. மூன்று வருடம் உழைத்து வளர்த்த பாத்திரத்தைப் புதிய விளையாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. பூச்சியத்திலிருந்து தொடங்கத்தான் வேண்டுமென்றால், போட்டிக் கம்பனியிடம் தொடங்கினால் என்ன? பழைய வாடிக்கையாளரைக் கட்டியிருந்த கயிற்றைக் கம்பனியே அவிழ்த்து விடுகிறது.

இரண்டாவது, மக்கள் எதை விரும்பி வந்தார்களோ அதையே விலைபேசுதல். பிளிசார்ட் நிறுவனத்தின் 'டியாப்லோ 3' 2012 மே மாதம் வெளியானபோது முதல் நாளிலேயே 35 இலட்சம் பிரதிகள் விற்பனையாகின. ஆனால் அதற்குள் உண்மைப் பணத்துக்கு ஆயுதங்களை வாங்கி விற்கும் ஏலச்சந்தையொன்றையும் நிறுவனம் திறந்தது. தேடிக் கண்டெடுப்பதில்தான் அந்த விளையாட்டின் சுவை. நல்ல வாளைக் காசுக்கு வாங்கலாமென்றால் தேடுவானேன்? 2014 மார்ச்சில் ஏலச்சந்தை மூடப்பட்டது. 2000 ஆம் ஆண்டு வந்த 'டியாப்லோ 2' ஐயோ மக்கள் விடவில்லை. 2021 இல் அதையே புதுப்பித்து விற்றார்கள்.

மூன்றாவது, தன் கடைக்கு எதிரே தானே கடை போடுதல். 1997 இல் தொடங்கிய 'அல்டிமா ஒன்லைன்' விளையாட்டின் இரண்டாம் பாகத்தை 2001 இல் நிறுவனம் இடைநடுவில் கைவிட்டு, முதலாவதிலேயே கவனஞ் செலுத்தியது. செலவழித்த பணம் போனது, முதலாவது விளையாட்டோ இன்றும் ஓடுகிறது. 2004 இல் வந்த 'வேர்ல்ட் ஒப் வோர்கிராப்ட்' இரண்டாம் பாகமே வெளியிடவில்லை. இருந்த உலகையே மேலதிகப் பாகங்களால் விரித்துக்கொண்டு போகிறது.

எமது வியாபாரிகளும் புதிய தயாரிப்புக்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய வாடிக்கையாளர் எம்மிடம் சேர்த்து வைத்திருப்பது என்ன? அதைப் புதியதற்கு அவர் கொண்டுவர முடியுமா? பழையதைச் சீர்செய்தாலே போதாதா? மூன்றாவதற்குப் போதும் என்று விடை வருமானால், அதுவே இலாபகரமான விடை என்பேன்.