வெம்பக்கோட்டைக்கும் கடலாமைக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

கரிசல் மண்ணும் பட்டாசு ஆலைகளும் உள்ள வெம்பக்கோட்டைக்குக் கடல் எப்படி வந்தது என்கிறீர்களா? 2022 மார்ச்சில் தொல்லியல் துறை இங்கே குழி தோண்டத் தொடங்கியதும் சங்கு வளையல்களாக வெளியே வந்தன! அவற்றில் வேலை முடியாமல் பாதியில் நின்றவையும் உண்டு. அப்படியானால், கடல் சங்கு இங்கே வந்து, இங்கேயே வளையலாகியிருக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் வைப்பாறு, சாத்தூர் வழியாகப் போய்க் கலப்பது மன்னார் வளைகுடாவில். அந்தக் கரையோரத்து அதிசயங்களைக் கேளுங்கள்!

ஐந்தும் நம் கடலில்!

இந்தியக் கடல்களில் உள்ள ஐந்து வகைக் கடலாமைகளும் மன்னார் வளைகுடாவில் தென்பட்டிருக்கின்றன, தெரியுமா? பேராமை கடற்புல்லை மேயும். அழுங்காமை கடற்பஞ்சுகளைத் தின்று, பவளத்துக்கு இடம் விட்டுக் கொடுக்கும். தோணியாமைக்குச் சொறி மீன்தான் சாப்பாடு! பெருந்தலை ஆமை எப்போதாவதுதான் தட்டுப்படும். தமிழகக் கரைகளில் அதிகம் முட்டையிடுவது பங்குனி ஆமை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதன் காலம்.

ஒரு மணி நேரத்தில் நூறு முட்டை!

இரவில் கரையேறும் தாய், பின் துடுப்புகளை மாற்றி மாற்றி விட்டு, ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலை அள்ளும். வாய் குறுகி, அடி அகன்ற குழி அது. அதில் சுமார் நூறு முட்டை இட்டு மூடி, இடமும் வலமுமாக உடம்பை ஆட்டித் தரையில் 'தொம் தொம்' என்று அடித்து மணலை இறுக்கும்! எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கண்ணில் வழிவது அழுகையல்ல. உடம்பிலுள்ள அதிகப்படி உப்பை அது வெளியேற்றுகிறது.

சங்கப் புலவர் பார்த்துவிட்டார்!

அடும்பங்கொடி சிதைய மணல்மேட்டில் ஆமை முட்டையைப் புதைப்பதை அகநானூற்றின் 160ஆம் பாட்டில் குமிழிஞாழலார் நப்பசலையார் பாடியிருக்கிறார்! தந்தத்தில் செய்த விளையாட்டு வட்டுப் போன்ற முட்டையாம். வெம்பக்கோட்டைக் குழிகளிலும் ஆட்டக்காய்கள் கிடைத்திருப்பதை நினைத்தால் சிலிர்க்கிறது! பாட்டில் ஆண் ஆமை முட்டைக்குக் காவல் நிற்கும். நிஜத்தில் தாயும் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு மணல்தான் காவல்.

மணல்தான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது!

ஆமாம், ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது! ஏறத்தாழ 28 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஆண். 31 டிகிரிக்கு மேலே போனால் பெண். பூமி சூடேறச் சூடேற ஆண் குஞ்சுகள் குறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது. அதனால் கரையில் ஒரு நிழலுக்கும் மதிப்பு உண்டு.

ஆமை செடிக்கு உரம், செடி ஆமைக்கு அரண்!

அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணலைக் கட்டிப் பிடித்து மேடாக்குகின்றன. பொரிக்காத முட்டையும் முட்டை ஓடும் அந்த வறண்ட மணலுக்குச் சத்தாகின்றன. நண்டு, நாய், நரி, காக்கை என்று முட்டைக்குக் காத்திருக்கும் கூட்டமும் பெரிது!

இருட்டு இல்லாவிட்டால் சாவு!

45 முதல் 55 நாளில் குஞ்சுகள் கூட்டமாக, பெரும்பாலும் இரவில், மேலே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல், இன்றோ தெருவிளக்கு! சாலைக்கு ஏறி நாயிடமும் சக்கரத்திலும் சிக்குகின்றன. பெரிய ஆமைக்கு எமன் இழுவலை. மூச்சுவிட மேலே வரமுடியாமல் வலைக்குள் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியது நெஞ்சைப் பிளந்த செய்தி.

பாட்டிலில் வந்த கடிதம்!

சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து ஆமைகளின் பின்னே போன சதீஷ் பாஸ்கரைத் தெரியுமா? இந்தியக் கரைகளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தவர்! 1982 மழைக்காலத்தில், லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியே தங்கி ஆமைகளைக் கவனித்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் எடுத்து அஞ்சலில் அனுப்ப, அது வீடு சேர்ந்தது!

நாம் என்ன செய்யலாம்?

கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பது. ஆற்றில் மணலை அள்ளி எடுத்தால் கரைக்கு வரத்து குறையும், கடல் அரிக்கும், ஆமைக்குக் குழி தோண்ட இடமிருக்காது. அதனால் வைப்பாற்று மணலைக் காப்பவரும் ஆமையைக் காப்பவரே! கடலோரம் வீடும் விடுதியும் வைத்திருப்பவர்கள் ஜனவரி முதல் குஞ்சுகள் பொரித்து முடியும்வரை கடல் பக்க விளக்கை அணையுங்கள். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவிரவாக நடந்து முட்டைகளைப் பொறுக்கிப் பொரிப்பகத்தில் வைக்கிறது. வார இறுதியில் பொதுமக்களும் கூட நடக்கலாம். வரும் தை, மாசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்!