மீன்தொட்டியின் அடியிற் கல் பரப்புதல் தகுமா?

மீனையும் மரக்கறியையும் ஒரே நீரைக்கொண்டு வளர்க்கும் முறை அக்குவாபொனிக்ஸ் எனப்படும். தொட்டி நீர் பயிர்ப்படுக்கைக்குச் சென்று, பயிருக்கு உணவளித்துத் தூய்மையடைந்து, மீண்டும் மீனிடம் வருகின்றது. மட்டக்களப்பு வாவியை அண்டிய மணற்பாங்கான நிலங்களிற் கோடைக்காலத்தில் நன்னீர் அருகி, கிணறுகள் உவர்ப்படைவதுண்டு. அத்தகைய இடங்களில், சேமித்த சிறிதளவு நன்னீரால் வீட்டுக்கு வேண்டிய கங்குன், தக்காளி, கத்தரி ஆகியவற்றையும் திலாப்பியா மீனையும் பெற இம்முறை உதவும்.

தொட்டியின் அடியிற் சரளைக்கல் பரப்ப வேண்டுமா என்பது இம்முறையைத் தொடங்குவோர்க்கு எழும் வினா. வேண்டாம் என்பதே விடை. காரணத்தை அறிந்துகொண்டால் கல்லுக்குச் செலவாகும் பணமும் மிஞ்சும், மீனும் தப்பும்.

கல்லின் பயன்

மீனின் செவுளிலிருந்தும் அழுகும் கழிவிலிருந்தும் அமோனியா வெளிப்படுகின்றது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும். நைத்திரேற்று பயிருக்குச் சிறந்த பசளை. இப்பற்றீரியாக்கள் கல்லின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்வன. ஆதலால் தொட்டிக்குள்ளும் கல்லிட்டால் நன்மை பெருகுமெனச் சிலர் எண்ணுவர்.

ஆனால் அவை தொழிற்படுவதற்கு ஒட்சிசன் வேண்டும். தொட்டியின் அடியிற் கிடக்கும் கற்களின் இடுக்குகளில் நீரோட்டம் இல்லை. மீனெச்சமும் மீன் உண்ணாது விட்ட தீனும் அங்கே புதைந்து அழுகி, உள்ள ஒட்சிசனையும் தீர்த்துவிடும்.

வயற்சேறு காட்டும் பாடம்

நெற்செய்கையாளர் இதனை நன்கறிவர். நீர் கட்டிய வயலில் வைக்கோல் மிகுதியாக அழுகும்போது சேறு கறுக்கும். மிதித்தால் கூழ்முட்டை நாற்றம் எழும். அது ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயுவின் நாற்றம். நெல், தன் இலையிலும் தண்டிலும் உள்ள காற்றறைகளின் வழியே வேருக்கு ஒட்சிசனை இறக்கி, அச்சேற்றிலும் வாழும். மீனுக்கு அவ்வழி இல்லை. நீரிற் கரைந்த ஒட்சிசனையே அது நம்பியுள்ளது. நீர் வெப்பமடைய அவ்வொட்சிசன் குறையும். எனவே கச்சான் வீசும் மாதங்களில், ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டு நீர்ப்பம்பி நின்றாலும், அழுகல் நிறைந்த தொட்டியின் மீன்கள் விடியுமுன் இறந்து மிதத்தல் கூடும்.

கல்லுக்குரிய இடம்

கல் பயிர்ப்படுக்கைக்கே உரியது. படுக்கை ஏறத்தாழ 1 அடி ஆழமுள்ளதாயிருத்தல் வேண்டும். நீர் நிரம்பி வடியுந்தோறும் கற்களுக்கிடையே புதிய காற்றுப் புகும். 1980களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மக்மட்ரி, திலாப்பியாத் தொட்டி நீரை மணற்படுக்கைகளிற் பாய்ச்சித் தக்காளியும் வெள்ளரியும் வளர்த்தார். அங்கும் நீரை வடிகட்டும் வேலையை மீனின் கீழ் அன்றிப் பயிரின் கீழிருந்த மணலே செய்தது.

தொட்டியின் அடி வெறுமையாகவும் வழுவழுப்பாகவும், ஒரு புறம் சரிந்தும் இருத்தல் நன்று. தாழ்ந்த இடத்திலிருந்து நீரை எடுத்தால் கழிவும் உடன் வெளியேறும்.

கல்லைத் தெரிதல்

படுக்கைக்கு அரை முதல் முக்கால் அங்குலக் கருங்கற்சல்லி ஏற்றது. தூசு போகக் கழுவி இடல் வேண்டும். முருகைக்கல்லும், சிப்பி கலந்த கடற்கரைக் கல்லும் ஆகா. அவற்றிலுள்ள கல்சியங் காபனேற்று கரைந்து நீரைக் காரமாக்கும். அந்நிலையிற் பயிர் இரும்புச்சத்தைப் பெறமாட்டாது. இளம் இலைகள் மஞ்சளாகும். ஐயமுள்ள கல்லின்மேல் வினாகிரி சில துளி விட்டுப் பார்த்தல் வேண்டும். நுரைத்தால் அக்கல்லை நீக்குக.

முன்னரே கல் பரப்பியோர்

மீன் உள்ளபோது அடிக்கல்லைக் கிண்டலாகாது. அடங்கிக் கிடக்கும் நஞ்சு நீரிற் கலந்துவிடும். மேல்நீரை முதலில் வேறு பாத்திரத்திற் சேர்த்து, மீனை அதற்கு மாற்றிய பின்னரே கல்லை அகற்றல் வேண்டும். கருங்கல்லாயின் கழுவிப் பயிர்ப்படுக்கைக்குப் பயன்படுத்தலாம். அடியில் எஞ்சும் மண்டியை வீசிவிட வேண்டியதில்லை; எருக்குழியிலிட்டு மக்கவைத்தால், கத்தரிப் பாத்திக்கு நல்ல பசளையாகும்.