ஆதிச் சபைகளும் போலிப் போதகரும்

கிறித்தவ சமயத்தின் தொடக்க காலத்திற் போதகர் பலர் ஊர் ஊராக நடந்து திரிந்தனர். மாலை வேளையில் ஓர் ஊரை அடைந்து, விசுவாசிகள் கூடும் இல்லத்தின் கதவைத் தட்டி, ஆண்டவரின் பெயரால் வந்திருப்பதாகக் கூறுவர். சிலர் கையில் அறிமுகக் கடிதமும் இருக்கும். ஆயின் கடிதமும் பொய்யாகலாம். மெய்யானவரைத் துரத்தினால் அவரை அனுப்பியவரையே துரத்தியதாகும். பொய்யரை ஏற்றாலோ, ஏழைச் சபையின் பொருளும் விசுவாசமும் ஒருங்கே பறிபோகும்.

ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாய்களைப் பற்றி இயேசுநாதர் எச்சரித்ததையும், கனியைக் கொண்டு மரத்தை அறியுமாறு பணித்ததையும் மத்தேயு சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்திற் காணலாம். ஆனால் கனி பழுக்க நாட் செல்லுமே! வாசலில் நிற்பவருக்கு இன்றிரவு இடங் கொடுப்பதா என்ற வினா அதுவரை காத்திராது.

இந்த இடர்ப்பாட்டுக்கு ஆதிச் சபையார் கண்ட வழியைச் சொல்லும் சிறு நூலொன்று நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1056இல் எழுதப்பட்ட அதன் கிரேக்கப் பிரதியை, கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்து மடமொன்றின் நூலகத்திலே, பிலொதேயோஸ் பிரியேன்னியோஸ் என்னும் கிரேக்க அறிஞர் 1873இற் கண்டெடுத்தார். 1883இல் அச்சிற் பதிப்பித்தார். 'திதக்கே' என்பது நூலின் பெயர். 'போதனை' என்பது பொருள். முதலாம் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ இயற்றப்பட்டதென்பர் அறிஞர் பலர்.

அந்நூல் கூறும் சோதனைகள் வியப்பூட்டுமளவு எளியவை. வரும் அப்போஸ்தலரை ஆண்டவரைப் போலவே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் ஒரு நாளே தங்கலாம். தேவையாயின் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் பொய்யர். புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் போதுமான அப்பத்தை மட்டும் பெற்றுச் செல்லலாம். பணம் கேட்டால் பொய்யர். ஆவியின் ஏவுதல் என்று சொல்லி விருந்து வைக்கக் கட்டளையிட்டு, தாமே அதில் உண்பவரும் பொய்யரே. இப்படியொரு விதி ஏட்டில் ஏறுவதற்கு முன் எத்தனை விருந்துகள் நடந்தேறினவோ! உண்மையையே போதித்தாலும், போதித்தபடி தாம் நடவாதவரும் அவ்வரிசையிலேயே நிறுத்தப்படுகிறார்.

எனினும் அந்நூல் சந்தேகத்தை மட்டும் வளர்ப்பதன்று. தீர்க்கதரிசி ஆவியில் நின்று பேசும்போது குறுக்கிட்டுச் சோதிப்பதைப் பெரும் பாவமென்று அது விலக்குகிறது. பேச்சு முடிந்தபின் அவருடைய ஒழுக்கத்தை நோக்கலாம். பிறருடைய வறுமைக்காகப் பொருள் கேட்பவரைக் குற்றஞ் சாட்டுதலும் கூடாது. ஊரில் நிலையாக வாழ விரும்பும் வழிப்போக்கர் தொழில் தெரிந்தவராயின் உழைத்து உண்ண வேண்டும். உழைக்க மறுப்பவர் கிறிஸ்துவின் பெயரை விற்றுப் பிழைக்கும் வணிகர் என இகழப்படுகிறார். கொரிந்து நகரிலே பவுல் அப்போஸ்தலர் கூடாரத் தொழில் செய்து வாழ்ந்தது இங்கு நினைவுகூரத் தக்கது.

உரோமையில் எழுதப்பட்ட 'எர்மாவின் மேய்ப்பன்' என்னும் இரண்டாம் நூற்றாண்டு நூல் வேறோர் அடையாளத்தையுந் தருகிறது. போலித் தீர்க்கதரிசி கூலி பெற்றே குறி சொல்வான். மனம் தளம்பியவர்களை மூலையில் வைத்து, அவர்கள் கேட்க விரும்புவதையே கூறுவான். நீதிமான்கள் கூடிச் செபிக்கும் சபைக்குள் வந்தாலோ வாயடைத்துப் போவான். தனிமையில் நாவன்மை, சபையில் மௌனம்: இது கூர்மையான கணிப்பு.

இவ்வெச்சரிக்கைகள் வெறும் கற்பனையால் எழுந்தவையல்ல என்பதற்குப் புறச்சமயத்தார் ஒருவரின் எழுத்தும் துணை நிற்கிறது. அங்கத எழுத்தாளர் லூசியன், பெரெக்ரினஸ் என்பவனின் கதையை எழுதினார். கிறித்தவரிடையே தலைவனாக உயர்ந்த அவன் சிறைப்பட்டபோது, விதவைகளும் அநாதைகளும் விடியற் காலையிலேயே சிறைவாயிலிற் காத்திருந்தனராம்; தொலைவிலிருந்த சபைகளிலிருந்தும் பணம் வந்து குவிந்ததாம். பின்னர் அச்சமூகமே அவனை விலக்கிவிட்டது. கி.பி. 165இல் ஒலிம்பியாவிலே கூட்டத்தினர் காணத் தீயிற் பாய்ந்து மாண்டான். கபடன் எவனும் இவ்வெள்ளை மனத்தாரிடம் எளிதிற் செல்வனாகலாம் என்று லூசியன் நகைக்கிறார். அவர் நகைத்த அந்த ஈகையைக் கைவிடாமலே அதற்குக் காவல் அமைக்கத் 'திதக்கே' முயன்றது. மெய்யான தீர்க்கதரிசி ஓர் ஊரிலே தங்கிவிட்டால், திராட்சை ஆலையினதும் களத்தினதும் முதற்பலனை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றது. அத்தகையவர் ஒருவரும் அவ்வூரில் இல்லையாயின், அந்த முதற்பலன் முழுவதும் ஏழைகளுக்கு உரியது.