மலைச்சரிவுக்கு மதிப்பெண்

தாப்பாவிலிருந்து 59-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வளைந்து வளைந்து கேமரன் மலையேறி வருகிறவர்களுக்குப் பகாங் மாநிலத்தில் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். இந்தச் சாலை 1931-இல் தானா ராத்தா வரை போடப்பட்டு முடிவதற்கு முன்னரே, 1929-இல், ரிங்லெட்டை அடுத்த மலைப்பகுதியில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்துவிட்டார். பிற்காலத்தில் சிம்பாங் புலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கும், சுங்கை கோயானிலிருந்து ரிங்லெட்டுக்கும் வேறிரு சாலைகள் அமைந்தன என்றாலும், மூன்றும் மலையை ஒருபுறம் வெட்டியும் மறுபுறம் மண் கொட்டியும் உண்டாக்கிய சாலைகளே.

வெட்டப்பட்ட மலை சும்மா இருப்பதில்லை. இம்மலைத்தொடரின் கருங்கற் பாறை யுகயுகமாக மழையிலும் வெப்பத்திலும் நைந்து ஆழமான மண்ணாக மாறியிருக்கிறது; தொடர்மழையில் நீர் உள்ளிறங்க இறங்க, மண்துகள்களுக்கிடையே அழுத்தம் பெருகிப் பிடிமானம் தளர்ந்து, ஒரு கணத்தில் சரிவு முழுதும் சாலையில் வந்து விழுகிறது. ஆயிரக்கணக்கான சரிவுகளில் எதற்கு முதலில் வலைகட்டுவது, எதற்கு வடிகால் அமைப்பது, எதை அடுத்த வரவு செலவுத் திட்டம் வரை காத்திருக்கச் சொல்வது என்ற கேள்விக்கு விடையாக, உலகெங்கும் நெடுஞ்சாலை இலாகாக்கள் கண்ட உபாயம்தான் மதிப்பெண்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பாறை விழும் சரிவுகளுக்கென்று வகுத்த முறை இதற்கு நல்ல உதாரணம். சரிவின் உயரம், சாலையோரப் பள்ளத்தின் தடுக்கும் திறன், ஓட்டுநரின் பார்வை எட்டும் தூரம், பாறையின் தன்மை, முன்பு விழுந்த சரித்திரம் முதலான ஒவ்வொன்றுக்கும் 3, 9, 27, 81 என மும்மடங்காக ஏறும் எண்கள் உண்டு. அபாயம் சற்றே மிகுந்தாலும் பட்டியலில் பளிச்செனத் தெரியவேண்டும் என்பதே காரணம். வாகன அபாயம் என்னும் தலைப்புக்கு மட்டும் ஒரு சிறு கணக்குப் போடவேண்டும். இருநூறு மீட்டர் நீளச் சரிவின் கீழ் நாளொன்றுக்கு 2,400 வாகனங்கள், 40 கிலோமீட்டர் வேக எல்லைக்குட்பட்டுச் செல்வதாகக் கொள்வோம். மணிக்கு நூறு வாகனம். ஒவ்வொன்றும் சரிவின் கீழ் இருப்பது ஒரு மணியில் இருநூற்றில் ஒரு பங்கு. ஆகவே எந்த நேரத்திலும் அங்கே ஒரு வாகனம் இருக்கும் வாய்ப்பு பாதி, அதற்கு மதிப்பெண் 9. வாகனங்கள் இருமடங்கானால் வாய்ப்பு முழுமையாகி மதிப்பெண் 81-க்குத் தாவுகிறது. பாதியாகக் குறைந்தால் 3-க்கு இறங்கிவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் இதில் ஒரு குறை புலப்படும். வேகத்தைக் கணக்கு எடுத்துக்கொள்வது சாலைப் பலகையிலிருந்து. ஆனால், ரிங்லெட் வளைவுகளில் காய்கறி ஏற்றிய லோரி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏற, அதன் பின்னே பஸ்ஸும் கார்களும் ஊர்ந்து வருகையில், அவையாவும் சரிவின் கீழ் இருக்கும் நேரம் பலகை சொல்வதைப்போல் பல மடங்கு.

மலேசியப் பொதுப்பணி இலாகாவும் 1990-களிலிருந்து, கெரிக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இத்தகைய முறைகளை உருவாக்கி வந்திருக்கிறது. எனினும் சரிவுகளுக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது 2004-இல்தான்; 2003 நவம்பர் 26-ஆம் தேதி புக்கிட் லாஞ்சானில் பாறை சரிந்து, தலைநகரையொட்டிய விரைவுச்சாலை மாதக்கணக்கில் மூடப்பட்ட பிறகு. நெரிசலான சாலைக்கு அரசின் செவி எவ்வளவு விரைவில் திறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அம்முறைகளை 2006-இல் ஆய்வாளர் சிலர் பரீட்சித்தபோது வெளிப்பட்டது சுவாரசியமான விஷயம். ஸ்மார்ட் என்ற முறை, உருமாறிய படிவுப்பாறைச் சரிவுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு சரியாகக் கணித்தது. கருங்கற் சரிவுகளிலோ எந்த முறையும் திருப்தி தரவில்லை. வெளிநாட்டிலிருந்து எடுத்த எண்களும், வேறு பாறை நிலத்தில் திரட்டிய விவரங்களும், போதாத தரவுகளும் காரணமாகக் கூறப்பட்டன. கேமரன் மலையின் பெரும்பகுதி கருங்கல் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

பணம் வரும் வழியும் ஒரே சீராக இல்லை. கூட்டரசுச் சாலைக்கு மத்திய சர்க்கார் செலவிடுகிறது. மாநிலச் சாலைகளுக்கு அரசியலமைப்பின் 109-ஆவது விதிப்படி கிடைக்கும் மானியமோ, ஒரு மைல் சாலையைப் பராமரிக்கும் சராசரிச் செலவைச் சாலையின் நீளத்தால் பெருக்கி நிர்ணயிக்கப்படுகிறது. சராசரிக்குச் செங்குத்தும் தெரியாது, சமவெளியும் தெரியாது. தோட்டத்துக்குள் லயன் வீடுகளுக்குப் போகும் பாதை இவ்விரண்டிலும் சேராது. அது நிர்வாகத்தின் பொறுப்பு, ஆகையால் எந்த மதிப்பெண் ஏட்டிலும் ஏறுவதில்லை.

வாஷிங்டன் மாநிலத்தார் தங்கள் சரிவுப் பட்டியலில் இன்னொரு கேள்வியையும் சேர்த்திருக்கிறார்கள்: இச்சாலை அடைபட்டால் சுற்றுவழி உண்டா? வேறு வழியே இல்லாத ஊருக்கு அங்கே உச்ச மதிப்பெண்ணான 81. வாகனம் குறைவு என்ற ஒரே காரணத்தால் கடைசி வரிசைக்குப் போகும் மலைச்சாலைகளுக்கு இக்கேள்வி ஒன்றே நியாயம் செய்யக்கூடியது. பகாங் மாநிலம் தன் சாலைகளைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கேட்கட்டும். தோட்டப் பாதைகளையும் பட்டியலில் ஏற்றிவிட்டுக் கேட்கட்டும்.