நாற்பது வயதில் கம்பெடுக்கலாமா?

பிள்ளையைக் கராத்தே வகுப்பில் இறக்கிவிட்டு, மதிலோரம் மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தகப்பன்மாரைத் திருகோணமலையில் எந்தப் பின்னேரமும் காணலாம். சிலருக்குத் தாங்களும் உள்ளே போய் வரிசையில் நின்றால் என்ன என்ற ஆசை இருக்கும். கேட்டால், "இந்த வயசிலயா?" என்று சிரித்து மழுப்புவார்கள்.

தாராளமாக நிற்கலாம். ஆனால் இருபது வயதுப் பெடியன் எந்தக் கலையில் போய் விழுந்தாலும் எழும்பி வருவான். நாற்பதைத் தொட்டவர் கலையின் பெயரைப் பார்ப்பதற்கு முன் தன் முழங்காலையும் பிரஷரையும் தொழிலையும் பார்க்க வேண்டும்.

கோணேசர் ஏற்றத்தில் ஒரு சோதனை

பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி உங்கள் உடம்பை அளக்க நல்ல இடம். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, மான்களைப் பார்க்க நிற்காமல், வழக்கமான வேகத்தில் கதைத்தபடி ஏறுங்கள். முழு வசனமாகக் கதைக்க முடிந்தால் ஆரம்ப வகுப்பு உங்களுக்குத் தாங்கும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், முதலில் ஒரு மாதம் நடை. நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள்.

இரத்தப் பரிசோதனையும் தேவை. 2005-06 காலத்தில் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்றில் வளர்ந்தவர்கள் ஐந்து பேரில் ஒருவருக்குச் சலரோகமோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. சலரோகம் இருந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு அது அதுவரை தெரியாது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேரவில்லை; அதனால் நாம் தப்பினோம் என்று எண்ண வேண்டாம். அரச ஆஸ்பத்திரிகளில் நடக்கும் சுகவாழ்வு நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர், உடல் நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அங்கே ஒரு காலைநேரத்தைச் செலவழியுங்கள்.

தொழில் எதைத் தேய்க்கிறது?

நாள் முழுக்க வலை இழுப்பவருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும் தோளும் நாரியும் ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும். அவர்களுக்குக் கால் அசைவும் நிலையும் அதிகமுள்ள பயிற்சி நல்லது. கச்சேரியிலோ வங்கியிலோ எட்டு மணிநேரம் கதிரையில் இருப்பவரின் கதை வேறு. இடுப்பு மூட்டு இறுகி, தொடையின் பின்தசை குறுகி, தோள் முன்னால் வளைந்திருக்கும். அவர் முதல் வாரமே தலைக்கு மேல் உதைக்கப் போனால் பின்தொடையில் தசை கிழியும். தோளைத் திறக்கும் கலைதான் அவருக்குத் தேவை.

கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கும் கலை

அப்படித் தோளைத் திறக்கும் கலை ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் தலைமுறைகளாக வருகின்றன. வெறுங்கையால் ஆடுவது சீனடி, கம்பால் ஆடுவது சிலம்படி. பெருநாளிலும் கலியாண ஊர்வலத்திலும் பார்த்துக் கைதட்டுகிறோம். அதை உடற்பயிற்சியாகப் பழகலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. பாதைக்குக் காத்திருந்து கிண்ணியாவுக்குப் போன காலம் 2009இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. டவுனில் இருப்பவர்கள் இப்போது பஸ்ஸிலேயே போய்வரலாம்.

வயது வந்த புதியவருக்கு நான் முதலில் சொல்வது கம்பைத்தான். எதிராளி இல்லாமலே மாதக்கணக்கில் பழகலாம். யாரும் உங்களைத் தூக்கி எறியப் போவதில்லை, தலையில் குத்தப் போவதுமில்லை. கம்பைச் சுழற்றும்போது மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றும் முழு வட்டத்தில் அசைகின்றன. கால் மாற்றி வைக்கும் சுவடு உடற்சமநிலையை வளர்க்கும். இடக்கையும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் மூளைக்கும் பயிற்சிதான்.

புதியவர் எல்லோரும் செய்யும் பிழை, கம்பை இறுக்கிப் பிடிப்பது. பத்து நிமிடத்தில் உள்ளங்கை கொப்புளிக்கும்; இரண்டு வாரத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் நோகும். பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் பிடித்திருக்க, மற்ற விரல்கள் தளர்ந்து விட்டுக்கொடுக்க வேண்டும். கம்பை நிலத்தில் ஊன்றினால் நெற்றிக்கு வருவது வழக்கமான அளவு. தொடக்கத்தில் பாரம் குறைந்த பிரம்பே போதும்.

வகுப்பில் சுளுக்கினால் உடனே எண்ணெய் பூசி உருவும் பழக்கத்தை விடுங்கள். முதல் இரண்டு நாள் துணி சுற்றிய ஐஸ் வைப்பதும், காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுப்பதும்தான் வீக்கத்தைக் குறைக்கும்.

உதை, எறி, குத்து

கராத்தேயில் ஆரம்பகாரருக்குப் பொருத்தமானது கட்டா எனப்படும் அசைவு வரிசை. தனியாக, ஒழுங்காக, உங்கள் வேகத்தில் செய்யலாம். உதையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டாலும் குறைவில்லை. தைக்வொண்டோ உயர உதையையே நம்பியது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் இருந்து ஒலிம்பிக் பதக்க விளையாட்டாகவும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மிக நல்லது. முழங்கால் தேய்மானம் உள்ளவர் தள்ளி நிற்கலாம்.

ஜூடோவை 1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ வகுத்தார். முதலில் விழக் கற்றுக்கொடுப்பது அதன் பெரிய நன்மை. ஆனால் நல்ல மெத்தை இல்லாத இடத்தில் ஜூடோ வேண்டவே வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்கள், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே எறிதல் உள்ள கலைக்குப் போக வேண்டும். கிக்பொக்ஸிங்கில் பையைக் குத்தி உதைப்பது இருதயத்துக்கு அருமையான பயிற்சி; தலையில் அடிவாங்கும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். வயதானவர்களுக்குத் தாய்ச்சி கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். தடுக்கி விழுவதை அது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

எதில் சேர்ந்தாலும் முதல் மூன்று மாதம் பொறுமை. தசை சில வாரங்களில் பலம் பிடித்துவிடும். அதை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் இறுக மாதங்கள் எடுக்கும். இப்போது நல்லா ஏலும் என்று தோன்றும் இரண்டாவது மாதத்தில்தான் பலர் காயப்படுகிறார்கள். கிழமைக்கு இரண்டு வகுப்பு போதும், நடுவில் நடை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு அதிலேயே நிறைந்துவிடும்.

கச்சானும் மணலும்

கச்சான் வீசும் மாதங்களில் வெயிலோடு வறண்ட சூடும் சேரும். காலை ஆறு மணி அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு பழகுங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். தலையிடி, ஓங்காளம், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்குப் போக வேண்டும். பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத் தாக்கம். உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

டச்பே கடற்கரையில் பழகுவது அழகுதான். ஆனால் காய்ந்த மணலில் கால் புதைந்து குதிநாண் இழுபடும். அலை தொடும் ஓரமோ ஒரு பக்கம் சரிந்திருக்கும். சமமான, ஈரம் இறுகிய இடமாகப் பாருங்கள். ஐப்பசி முதல் தை வரை மழை, அப்போது கூரை உள்ள இடம் வேண்டும்.

குளிசை எடுப்பவர்கள்

இன்சுலின் போடுபவருக்கும், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவருக்கும் பயிற்சியின் நடுவே சீனி இறங்கலாம். கையோடு குளுக்கோஸ் பக்கெட் இருக்கட்டும். சலம் போகும் குளிசை எடுப்பவர் வெயிலில் சீக்கிரம் வாடிப்போவார். இரத்தத்தை இளக்கும் வார்பரின் எடுப்பவருக்கு அடிபடும் கலை எதுவும் கூடாது. சலரோகத்தால் விழித்திரை பாதிக்கப்பட்டவர் கண் டொக்டர் சொல்லும்வரை மூச்சடக்கித் தம் கட்டுவதையும் தலை குலுங்குவதையும் தவிர்க்க வேண்டும். பாதம் மரத்திருப்பவர் வெறுங்காலுடன் பழகக் கூடாது. சிப்பி கிழித்தாலும் தெரியாது. "சப்பாத்தோடு வரலாமா?" என்று வாத்தியாரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வாத்தியார்

பட்டியின் நிறத்தையும் சுவரில் தொங்கும் சான்றிதழையும் பார்த்து மயங்க வேண்டாம். சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக இருந்து முழுதாகப் பாருங்கள். உடம்பைச் சூடாக்கப் பத்து நிமிடமாவது கொடுக்கிறாரா, நோகுது என்று சொன்னவரை என்ன செய்கிறார், தண்ணீர் குடிக்க விடுகிறாரா, வயது வந்தவரையும் பத்து வயதுப் பிள்ளையையும் ஒரே உதைக்கு நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். பெண்கள், பெண் உதவியாளர் உண்டா என்றும் கேளுங்கள். பிறகு உங்கள் பிரஷரையும் பழைய காயங்களையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நல்ல வாத்தியார் நீங்கள் சொல்லும் முன்னமே கேட்பார். சொன்ன பிறகும் "அதெல்லாம் பழகப் பழகச் சரிவரும்" என்று தட்டிக்கழித்தால், அந்த வகுப்பில் சேராதீர்கள்.